மன்றாட்டும் மருந்தும்

கிறிஸ்தவ ஊழியம் மூன்று கால் முக்காலி. ஜெபம் ஒரு கால். பிரசங்கம் ஒரு கால். பிணி தீர்த்தல் மற்றொரு கால். நாசரேத்தூர்த் தச்சன் மகன் ஊர் ஊராய்ச் சென்று போதித்தார், பறைசாற்றினார், நோய் நீக்கினார் என்று மத்தேயு எழுதி வைத்த காலந்தொட்டு, இம்மூன்றும் ஒன்றை விட்டொன்று பிரியாதவை என்றே அம்மார்க்கத்தார் கூறி வருகின்றனர். நாம் அம்மார்க்கத்தாரல்லர், எம்மார்க்கத்தாருமல்லர். எனினும் இம்முக்காலியின் கால்கள் மூன்றும் ஒரே மரத்தில் கடைந்தவையா, எது பாரம் தாங்கியது, எது தாங்கவில்லை என்று தட்டிப் பார்க்கும் உரிமை நமக்குண்டு. ஏனெனில் அதன்மீது அமர்த்தப்பட்டோர் நம் மக்கள். விழுந்தால் முறிவது நம்மவர் இடுப்பு.

“கோவில் பூசாரியைக் கண்டால் கொதிக்கிறீர்; கோட்டணிந்த போதகரைக் கண்டால் குளிர்ந்துவிடுகிறீர்” என்று நம்மைக் குத்திக் காட்டுவோர் உளர். குத்தட்டும். விபூதிக்கு ஒரு நியாயம், ஜெப எண்ணெய்க்கு ஒரு நியாயம் என்று நாம் பேசுவதில்லை. ஆனால் தராசைக் கையில் எடுத்தவன் ஒரு தட்டை மட்டும் பார்த்து எடை சொல்லலாகாது.

பிரசங்கத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். அதில் நமக்கு வேலை குறைவு. மதம் பரப்பவே வந்தனர். அதை மறைக்கவும் இல்லை. ஆயினும் மக்களிடம் பேச வேண்டுமாயின் மக்கள் மொழியில் பேச வேண்டும் என்பதை உணர்ந்தனர். விளங்காத மொழியில் முணுமுணுத்துவிட்டுத் தட்சணை வாங்கிக் கொண்டால் போதும் என்றிருக்கவில்லை. 1578-இல் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சேறியது அன்றிக்கே பாதிரியாரால். 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார் சீகன்பால்கு. 1856-இல் கால்டுவெல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் பற்றி இவ்வேட்டைப் படிக்கும் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. இடையன்குடியில் பிரசங்கம் கேட்டு மனம் மாறியவர் எத்தனை பேர் என்பதைத் திருச்சபை கணக்கிட்டுக் கொள்ளட்டும். இலக்கணத்தைப் படித்து மனம் மாறிய நாடு ஒன்று உண்டென்பதை நாம் அறிவோம்.

பிணி தீர்த்தலுக்கு வருவோம். இங்கேதான் நின்று பேச வேண்டியிருக்கிறது.

1847-இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க இளைஞர் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்தார். மதப்பணியாளர், ஜெபம் செய்யாத நாளிராது. ஆனால் கட்டி கண்டவனை முழந்தாளிட்டுக் குணமாக்க முனையவில்லை, கத்தியை எடுத்தார். காய்ச்சல் கண்டவனுக்கு மருந்தைக் கொடுத்தார். அதற்கும் மேலாக, தாம் ஒருவர் செய்வதைத் தமிழர் பலர் செய்யவேண்டும் என்று மாணாக்கரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர் அரசாங்க உத்தியோகம் தேடிப் பறந்துவிட்டனர். கிராமத்துக் குடிசையில் கிடந்த நோயாளி கிடந்தபடியே கிடந்தான். ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். நூல் வேண்டுமே! ‘இரணவைத்தியம்’ 1867-இல் வந்தது. ‘வைத்தியாகரம்’ 1872-இல் வந்தது. ‘கெமிஸ்தம்’ 1875-இல் வந்தது. அறுவை மருத்துவமும் வேதியியலும் தமிழில் வந்துவிட்டன, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே! “தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா?” என்று இன்றும் மூக்கில் விரல் வைத்துக் கேட்கும் மேதாவிகளை மானிப்பாய்க்கு ஒரு நடை அனுப்பி வைக்கலாம். அறுபதுக்கு மேற்பட்டோரை மருத்துவராக்கிவிட்டுத் தாயகம் திரும்பி, 1884-இல் மறைந்தார் கிறீன். தமிழர்க்கு மருத்துவ நற்செய்தியாளராக இருந்தவர் என்பதே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்ட செய்தி. அவர் தம்மை நற்செய்தியாளர் என்றே எண்ணினார், மறுக்கவில்லை நாம். ஆயினும் அவர் கையிலிருந்து தமிழர் கைக்கு மாறியது எது? கத்தி, மருந்துக் கலயம், தமிழ்ப் பாடநூல். மாறிய பின் அவை, எக்கடவுளை வணங்குவோன் கையிலும், எக்கடவுளையும் வணங்காதான் கையிலும், ஒன்றுபோலவே வேலை செய்தன.

அதே யாழ்ப்பாணத்துக்கு 1819-இலேயே வந்து, பிறகு சென்னைக்கும் வந்த ஜான் ஸ்கடர் என்பாரின் பேத்தி, ஐடா. 1890-களில் திண்டிவனத்தில் தந்தையார் இல்லத்தில் அவர் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் கதவைத் தட்டிய செய்தி பலரும் அறிந்தது. ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், ஒருவர் மற்றொரு மேல்சாதி இந்து. மூவர் வீட்டிலும் பிள்ளைப்பேற்று வேதனை. வைத்தியம் கற்ற தந்தையார் ஆயத்தமாக இருந்தார். ஆண் மருத்துவர் தொட விடமாட்டோம் என்றனர் மூவரும். மருத்துவம் கற்காத மகளை அழைத்தனர். விடிந்தபோது மூன்று பெண்களும் பிணமாகியிருந்தனர். கும்பிடும் திசை வேறு, கூறும் மந்திரம் வேறு. மனைவியைச் சாகக் கொடுத்த வழக்கம் மட்டும் மூன்று வீட்டிலும் ஒன்று!

அன்றிரவு ஐடா ஜெபித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஜெபித்திருப்பார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது மறுநாள் அவர் எடுத்த முடிவை. அமெரிக்கா சென்றார், 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், 1900-இல் திரும்பினார், 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியே தொடங்கினார். முதல் வகுப்பில் படித்து முடித்த 14 பெண்களும் முதல் தேர்விலேயே தேறினர். பெண்ணுக்கு மூளை பாதி என்று சாத்திரம் பேசியோர் வாயை அடைத்தது வேத வசனமன்று, தேர்வுத்தாள்.

தொழுநோயின் கதையும் அங்குத்தான் வளர்ந்தது. சுவிசேஷ அற்புதங்களில் தலையாயது குட்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கியது. பத்தொன்பது நூற்றாண்டுகள் அக்கதை படிக்கப்பட்டது. குட்டரோகி ஊருக்கு வெளியேதான் இருந்தான். 1873-இல் நார்வே நாட்டு ஹேன்சன் அந்நோய்க்குரிய கிருமியைக் கண்டார். 1940-களில் செங்கற்பட்டில் காக்ரேன் என்ற மருத்துவர் தாப்சோன் வகை மருந்தைக் கையாண்டார். அக்காலத்தில்தான் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு, அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். அவர் தந்தை ஜெசி பிராண்டு கொல்லிமலையில் பிரசங்கமும் செய்து, மருந்தும் கொடுத்து, 1929-இல் மலேரியாவால் வரும் கருநீர்க் காய்ச்சலில் அங்கேயே மாண்டவர். அம்மலையில் அவருக்காக ஏறாத ஜெபமா!

மகன் என்ன கண்டார்? தொழுநோயாளியின் விரல் தானே அழுகி விழுவதில்லை. வலியுணர்வு போய்விடுவதால், சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் புண்பட்டுத் தேய்கிறது என்று கண்டார். துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்தானாம். விரலைப் பார்த்தால் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததாம். சிறுவனுக்கோ வலியே இல்லை. அந்த விரலிலிருந்து ஓர் அறிவியல் பிறந்தது. 1940-களின் இறுதியில், மடங்கிப்போன கைகளுக்குள் நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, விரல்களை நிமிர்த்தினார். பிச்சைப் பாத்திரம் ஏந்திய கை தறியையும் எழுதுகோலையும் பிடித்தது. இது அற்புதந்தான், எப்படி நடந்ததென்று மாணவர்க்குப் படம் வரைந்து காட்டக்கூடிய அற்புதம்.

இவர்கள் எல்லோரும் ஜெபித்தனர். நாத்திகப் பட்டம் சூட்டி அவர்களை நம் பந்தலுக்கு இழுக்க நாம் விரும்பவில்லை, அது களவு. நாம் சொல்வது வேறு. அவர்கள் வாழ்வில் ஜெபத்துக்கு இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் மருந்தின் இடமன்று. அறுவைக்கு முன் கண்மூடி ஜெபித்த மருத்துவர், கண் திறந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். ஆண்டவன் பார்த்துக் கொள்வார் என்று அழுக்குக் கையை வயிற்றுக்குள் விடவில்லை.

ஒரு நோயை மட்டும் அவர்தம் மருத்துவமும் தீர்க்கவில்லை, ஜெபமும் தீர்க்கவில்லை, சாதி நோய். 1833-இல் கல்கத்தாப் பேராயர் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு நீங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்; தஞ்சையில் கூட்டங்கூட்டமாகக் கோவிலை விட்டு வெளியேறினர் மேல்சாதிக் கிறிஸ்தவர். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுந்ததை நாடறியும். செத்தவனுக்குமா தீட்டு? முழந்தாளிட்ட கோடிக்கணக்கான முறையில் ஒருமுறையேனும் அச்சுவரின் ஒரு செங்கல் தானே உதிர்ந்ததுண்டா? இது தனியே எழுதவேண்டிய கதை, இங்கு நிறுத்துவோம்.

இன்றைய பந்தலுக்கு வருவோம். சுவரெங்கும் வண்ண விளம்பரம். கண்ணற்றோர் காண்பராம், காலற்றோர் நடப்பராம், சர்க்கரை நோய் ஓடுமாம், புற்று கரையுமாம். பந்தலிலே ஒலிபெருக்கி, இசைக்குழு, காணிக்கைப் பை. கிறீனும் ஐடாவும் நடத்திய ஊழியத்தில் பிணி தீர்த்தல் மருத்துவமனையில் நடந்தது, ஜெபம் மனத்தில் நடந்தது, பிரசங்கம் கோவிலில் நடந்தது. இங்கு மூன்றும் ஒரே மேடையில், ஒரே மாலையில், ஒரே மனிதர் வாயால் நடைபெறுகின்றன. அதனால் வரும் கேட்டை நாம் கண்ணால் கண்டோம்.

நம் பாலாற்றங்கரைப் பகுதியில் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த அம்மையார் அவர். ஐம்பதை எட்டாத வயது. இருமல் விடவில்லை, எடை குறைந்தது, சளியைச் சோதித்ததில் காசநோய். ஐடா அம்மையாரின் மருத்துவமனைக்கு ஒருமணி நேரப் பேருந்துப் பயணம். அதற்குக்கூட அவசியமின்றி, அரசாங்கமே மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்தது, ஆறு மாதத்துக்கு. இரண்டாம் மாதம் இருமல் நின்றது. அது மாத்திரையின் வேலை. முதலிரு மாதங்களில் கிருமிகளில் பெரும்பகுதி மாள்கிறது. பதுங்கிக் கிடக்கும் எஞ்சியவற்றைக் கொல்லவே பின்னுள்ள நான்கு மாதம். அந்த இரண்டாம் மாதத்தில்தான் உறவினர் ஒருவர் அவரைச் சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துச் சென்றார். தலையில் கை வைத்தார் ஊழியர். “சுகமானேன்” என்று மேடையேறிச் சாட்சி சொன்னார் அம்மையார். பந்தல் ‘அல்லேலூயா’ என்று அதிர்ந்தது. பொய் சொல்லவில்லை அவர். இருமல் நின்றது உண்மை. யாரால் நின்றது என்பதில்தான் கணக்கு மாறிற்று. மாத்திரை உழைத்தது, மேடை கூலி வாங்கிற்று.

சுகமான பின் மாத்திரை எதற்கு? விட்டுவிட்டார். ஐந்து மாதத்தில் இரத்தமாக இருமினார்.

மீண்டும் அதே ஊழியரிடம் ஓடினார். “விசுவாசம் குறைந்துவிட்டது, மறைவான பாவம் ஏதோ உண்டு, அதை அறிக்கையிடு” என்று அவர் கூறினாராம். நாம் பார்க்கச் சென்றபோது, நோயைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை அம்மையார். “நான் என்ன பாவம் செஞ்சேன், தம்பி?” என்றே கேட்டார். இரவெல்லாம் தேடினாராம். பல ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டில் இரண்டு படி அரிசி கைமாற்றாக வாங்கித் திருப்பித் தரவில்லையாம், அந்த வீட்டார் ஊரை விட்டே போய்விட்டனராம், “அதுவா இருக்குமோ?” என்றார்.

தோழர்களே, நாம் கொதிப்பது ஜெபத்தைக் கண்டல்ல, இந்த அரிசிக் கணக்கைக் கண்டு! மருந்து பலிக்கவில்லையானால் மருத்துவர் மருந்தைக் குற்றம் கூறுவார், மாற்றிக் கொடுப்பார். ஜெபம் பலிக்கவில்லையானால் நோயாளியைக் குற்றம் கூறுகிறார்கள். பலித்தால் புகழ் மேடைக்கு. பலிக்காவிட்டால் பழி பாயில் கிடப்பவளுக்கு. எந்நாளும் தோற்காத வியாபாரம் இது. நுரையீரலில் ஓட்டை, அதற்குமேல் நெஞ்சில் குற்றவாளி என்ற முத்திரை. முன்னதற்கு மருந்து இருந்தது. திரும்பத் தொடங்கி, நீண்டநாள் உண்டு, அம்மையார் பிழைத்தார். ஆனால் ஈரத்தோல் சுமக்கும் வலு திரும்பவில்லை, வேலை போயிற்று.

அவ்வூழியர் தம் வேதத்தையாவது ஒழுங்காகப் படித்திருக்கலாம். பவுல் அப்போஸ்தலர், தம் மகனாகக் கருதிய தீமோத்தேயு அடிக்கடி வயிற்று நோயால் வாடியபோது என்ன எழுதினார்? தண்ணீர் மட்டும் குடியாதே, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக் கொள் என்று எழுதினார். உனக்கு விசுவாசம் குறைவு என்று எழுதவில்லை. துரோப்பீமு என்ற துணைவரை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டு வந்ததையும் அவர் கடிதமே கூறுகிறது. அவருடன் இருந்த லூக்காவோ வைத்தியர். பவுலுக்கே கைகூடாதது நம்மூர்ப் பந்தலில் நாள்தோறும் கைகூடுகிறதென்றால், விளம்பரம் அச்சிட்டவன் கெட்டிக்காரன் என்றுதான் பொருள்.

“ஜெபத்தைச் சோதிக்கலாகாது” என்பர். ஏன் ஆகாது? மாத்திரையைச் சோதித்தோமே! 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் அதுவே. நல்ல காற்றும், நல்ல உணவும், சானடோரியப் படுக்கையும் இன்றிக் காசம் தீராது என்று உலகம் நம்பிய காலம். 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தனர், விருப்பு வெறுப்பின்றிக் குலுக்கல் போல. ஒரு பிரிவு சானடோரியத்தில். மறு பிரிவு நெருக்கடியான தம் வீட்டிலேயே. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-இல் முடிவு வெளிவந்தது: வீட்டிலிருந்தவரும் ஏறக்குறைய அவ்வளவு பேரே குணமாயினர். குணமாக்கியது காற்றன்று, கட்டிலன்று. தவறாமல் விழுங்கிய மருந்து. உலகநாடுகள் தம் காசநோய்த் திட்டத்தை மாற்றிக் கொண்டன. உலகம் நம்பியதையே சென்னை சோதித்தது. சோதனைக்குத் தலைவணங்கியது உலகம்.

அதே முறையில் ஜெபத்தையும் சோதித்தனர் அமெரிக்காவில். அதுவும் ஜெபத்தில் பற்றுடையோர் கொடுத்த பணத்தில். ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1802 நோயாளிகள், மூன்று பிரிவு. 2006-இல் முடிவு வந்தது. தமக்காக ஜெபிக்கப்படுமோ படாதோ என்றறியாமல் ஜெபம் பெற்றோரில் நூற்றுக்கு 52 பேருக்குப் பின்சிக்கல் நேர்ந்தது. அறியாமலும் பெறாமலும் இருந்தோரில் 51. உமக்காக ஜெபிக்கிறோம் என்று உறுதி சொல்லப்பட்டோரில் 59! ஜெபம் கொல்லும் என்று நாம் இதைக்கொண்டு முழங்கப் போவதில்லை. அது நாமும் பந்தல் போடுவதாகும். இவ்வளவு பேர் ஜெபிக்கும் அளவுக்கு நம் நிலை மோசமோ என்ற கலக்கம் காரணமாகலாம் என்று ஆய்வாளர் ஐயுற்றனர். பயன் ஒன்றும் காணப்படவில்லை என்பதே நமக்குப் போதும். 1872-இலேயே கால்ட்டன் என்ற ஆங்கில அறிஞர் எளிய கணக்கொன்று போட்டார். ஞாயிறுதோறும் தேசமெங்கும் மன்னரின் நீண்ட ஆயுளுக்காக ஜெபிக்கிறார்களே, மன்னர் குடும்பத்தார் எத்தனை ஆண்டு வாழ்கின்றனர் என்று பார்த்தார். வசதி படைத்த வகுப்பார் அனைவரினும் குறைந்த ஆயுள் அவர்களுக்கே!

1986-இல் பீட்டர் போபாப் என்ற அமெரிக்கச் சுகமளிப்பவர், கூட்டத்தில் முன்பின் அறியாதார் பெயரும் நோயும் முகவரியும் கூறி மயக்கி வந்தபோது, மாயவித்தைக்காரர் ராண்டி ஒரு வானொலிக் கருவியுடன் சென்று அமர்ந்தார். தேவசத்தம் அகப்பட்டது, பெண்குரலாக! காதுக்குள் பொருத்திய சிறு கருவி வழியே மனைவியார் பெயர் வாசித்துக் கொண்டிருந்தார். மறு ஆண்டே அவர் திவாலானார். பின்னர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அம்பலப்படுத்துதல் மட்டும் போதுவதில்லை. 1954-இலேயே மந்திரம், தாயத்து முதலியவற்றால் நோய் தீருமென விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் வந்துவிட்டது. சுவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஏன் செல்கின்றனர் மக்கள்? மடமை என்ற ஒரே சொல்லால் முடித்துவிட்டு மேடையிறங்கும் இளந்தோழர்களை நாம் அறிவோம். அந்த அம்மையாரின் தலையைத் தொட்டு, பெயர் சொல்லி அழைத்து, “அழாதே தாயே” என்று கூறியவர் அப்பந்தலில்தான் முதன்முதல் கிடைத்தார். மருத்துவமனை வரிசையில் அவர் ஒரு சீட்டு எண். தொழிற்சாலையில் ஒரு தலை எண். நம் மன்றத்துக்கோ, அதுவரை, கூட்டம் போடும் மைதானத்துக்குப் பக்கத்துக் குடிசை. ஏளனம் செய்தவன் பின்னால் எந்த நோயாளியும் வந்ததில்லை.

அவர் நிகழ்ச்சிக்குப் பின், நம் வட்டாரத்துச் சிறு ஆலயம் ஒன்றின் போதகரை நாம் சென்று கண்டோம். இளைஞர். இரண்டே கோரிக்கை வைத்தோம். ஜெபிப்பவர் எவராயினும், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தலாகாது என்று பிரசங்க மேடையிலிருந்தே அவர் அறிவிக்க வேண்டும். காசமோ, சர்க்கரையோ, வலிப்போ தீர்ந்ததென்று சாட்சி சொல்ல வருவோரிடம் சோதனைச் சீட்டைக் கேட்க வேண்டும். நெடுநேரம் வாதாடினார். ஜெபம் வீண் என்பதை ஒருபோதும் ஒப்பமாட்டேன் என்றார். ஒப்ப வேண்டாம் என்றோம். பேய் பிடித்ததென்று வலிப்புக்காரரைத் தம்மிடம் கொண்டுவருவோர் உண்டென்றும், பேருந்துக் கட்டணம் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பி வைத்ததுண்டென்றும் தாமே சொன்னார். இரண்டாம் கோரிக்கையை யோசிப்பதாகக் கூறினார். இன்னும் யோசித்துக் கொண்டிருக்கிறார். முதலாவதை அடுத்த ஞாயிறே நிறைவேற்றினார். அதற்கடுத்த மாதம் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் சளிப் பரிசோதனை முகாம். சுகாதாரத் துறையார் சோதனைக் குப்பிகளுடன் மேசை போட்டனர். நம் மன்றத் தோழர் மூவர் வேப்பமரத்தடியில் அமர்ந்து, வந்தோர் பெயரும் தெருவும் எழுதிக் கொண்டிருந்தனர். உள்ளே பாட்டு முடியவில்லை.